கமராவின் முன் தோட்டப் பெண்: பழைய ஐரோப்பியத் திரைப்படங்களில் பெண்ணும் வர்க்கமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினிமா பிறந்தபோதே அதில் உழைக்கும் பெண் இருந்தார். 1895இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே கமராவை நிறுத்தி, வேலை விட்டு வெளியே வரும் தொழிலாளரைப் படம்பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத படம் அது. கதவு திறக்கிறது, கூட்டம் இரு பக்கமும் பிரிந்து போகிறது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் உள்ளே என்ன வேலை பார்த்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், வீட்டுக்குப் போய் எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்பதெல்லாம் படத்தில் இல்லை. கமராவுக்குச் சொந்தக்காரர்தான் தொழிற்சாலைக்கும் சொந்தக்காரர். கமரா வாசலோடு நின்றுகொண்டது. அதற்குப் பிந்திய அறுபது ஆண்டுகளில் ஐரோப்பிய சினிமா அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதா, போனதென்றால் எந்தப் பெண்ணுக்காகப் போனது, எந்தப் பெண்ணுக்காகப் போகவில்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வியைப் பாரிசிலும் ரோமிலும் பெர்லினிலும் எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்வது வழக்கம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த சினிமா நம் மலைக்கும் நம் ஆற்றுக்கும் வந்து போயிருக்கிறது. 1934இல் சிவனொளிபாதமலையின் படிகளில் ஏறியது. 1956இலும் 1957இலும் கித்துல்கலையில் களனி கங்கைக் கரையில் கூடாரம் போட்டது. அது நம்மை எப்படிப் பார்த்தது என்பதையும், அதே காலத்தில் தன் நாட்டு ஏழைப் பெண்ணை எப்படிப் பார்த்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இது: உழைக்கும் பெண்ணைப் பேசவும் யோசிக்கவும் தெரிந்த மனுஷியாகக் காட்டும் திறமை அந்த சினிமாவுக்கு இருந்தது. தன் வீட்டில் அதைச் செய்தது. நம் தோட்டத்தில் செய்யவில்லை. கருவி போதாமல் போனது அதற்குக் காரணமில்லை. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அந்தப் படங்கள் நினைத்தன என்பதே காரணம்.

முதலில் 'சோங் ஒஃப் சிலோன்' படத்தை எடுத்துக்கொள்வோம். பசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்து 1934இல் வெளிவந்த இது உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதாவது, தேயிலை விற்பதற்காகப் பிறந்த படம். நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான அதில் நான்கு பகுதிகள் உண்டு. முதற் பகுதி புத்தரைப் பற்றியது, இரண்டாவது தீவின் கிராம வாழ்வைப் பற்றியது, மூன்றாவது வணிகத்தின் குரல்களைப் பற்றியது, நான்காவது மறுபடியும் வழிபாட்டுக்கும் நடனத்துக்கும் திரும்புகிறது. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் வருவது மூன்றாம் பகுதியில்.

முதற் பகுதியில் சிவனொளிபாதமலை ஏறும் மக்களைப் பாருங்கள். கமரா அவர்களுக்குப் பக்கத்தில் போகிறது, அவர்களோடு நிற்கிறது, இளைப்பாறும் முகத்தைப் பொறுமையாகப் பார்க்கிறது. பக்தியில் இருக்கும் மனிதருக்கு உள்ளே ஒரு மனம் இருக்கிறது என்று படம் ஒப்புக்கொள்கிறது. அதே கமரா தேயிலை மலைக்கு வந்ததும் வேறு விதமாகப் பார்க்கிறது. பெண்களின் விரல்கள் கொழுந்தை ஒடிக்கின்றன, கூடை நிறைகிறது. அந்தக் காட்சிகளுக்கு மேல் நாம் கேட்பது லண்டனின் சந்தை விலை, கப்பல் விபரம், வியாபாரக் கடித வாசகம் என ஒன்றோடொன்று பின்னிய ஆண் குரல்கள். ஒலியைக் கையாண்ட விதத்தில் இது அந்தக் காலத்துக்கு மிகப் புதியது, அதை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் திரையில் இருப்பது பெண்ணின் கை, ஒலியில் இருப்பது ஆணின் பேரம். அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை.

படத்தின் விவரணைக்கு எடுக்கப்பட்ட நூலைக் கவனித்தால் விஷயம் இன்னும் ஆழமாகத் தெரியும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வாசகங்களே பெரும்பாலும் படத்தில் ஒலிக்கின்றன. வாசித்தவர் கொழும்பின் பெரும் கலைஞர் லயனல் வென்ட். நொக்ஸ் இந்த நாட்டில் இருந்தபோது இங்கே தேயிலை கிடையாது, றப்பர் கிடையாது, லயம் கிடையாது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குத் தொழிலாளர் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக வைத்தது 1867இல். ஆக, இலங்கையைப் பற்றிச் சொல்ல நொக்ஸின் வாய்மொழியைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணத்திலேயே தோட்டத்துத் தமிழ்ப் பெண் சொல்லுக்கு வெளியே போய்விட்டார். காட்சியில் அவரை விலக்க முடியாது, ஏனென்றால் அவர் எடுக்கும் கொழுந்தை விற்கத்தான் படமே எடுக்கப்படுகிறது. மொழியில் அவருக்கு இடமில்லை, ஏனென்றால் அந்த மொழி அவர் வருவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே எழுதி முடிந்துவிட்டது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலிமையானது ஒன்றுண்டு. ரைட் வணிகத்தைப் புகழவில்லை, அதைக் கேள்வி கேட்கிறார். விலைக் குரல்களையும் உழைப்புக் காட்சிகளையும் மோதவிட்டதே ஒரு விமர்சனம். விளம்பரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்துக்கு எதிரான கலையைப் படைத்திருக்கிறார் என்பது அந்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. மூன்றாம் பகுதியை ஊன்றிப் பார்த்தால் அதில் ஒரு சங்கடம் இருப்பது தெரியும். ஆனால் அந்த விமர்சனம் எதை எதற்கு எதிராக நிறுத்துகிறது? பழைய கிராமத்தை, வயலை, பன்சலையை, நடனத்தை ஒரு பக்கம் வைக்கிறது. சந்தையை, கப்பலை, தோட்டத்தை மறுபக்கம் வைக்கிறது. வணிகம் கெடுத்தது பழைய இலங்கையை என்பது அதன் துக்கம். அந்தக் கணக்கில் தோட்டப் பெண் எந்தப் பக்கம்? பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் அவர் இல்லை, கெடுத்த இயந்திரத்தின் ஓர் உறுப்பாக நிற்கிறார். அந்த வணிகம் முதலில் கசக்கிப் பிழிந்தது அவருடைய முதுகை அல்லவா? விமர்சனத்திலும் அவருக்கு இடம் கிடைக்காமல் போனது எனக்கு விளம்பரத்தைவிடக் கூடுதலாக வலிக்கிறது.

அடுத்த மறுப்பு கருவியைப் பற்றியது. 1934இல் ஒலிப்பதிவுக் கருவியை மலையேற்ற முடியாது, படம் ஊமையாகவே எடுக்கப்பட்டு லண்டனில் ஒலி சேர்க்கப்பட்டது, அப்படியிருக்கக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் குரலுக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் லயனல் வென்ட்டின் குரலும் மலையில் பதிவானதில்லை, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானதுதான். வேண்டும் என்று நினைத்த குரலை எப்படியும் கொண்டுவந்தார்கள். வேண்டும் என்று நினைக்காத குரலைத் தேடவில்லை.

இந்த இடத்தில் அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே கிரியர்சன் வட்டத்தைச் சேர்ந்த எட்கர் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்ட்டனும் 1935இல் 'ஹவுசிங் ப்ரொப்ளம்ஸ்' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். லண்டனின் ஸ்டெப்னி பகுதிச் சேரி வீடுகளைப் பற்றியது. கனமான கருவிகளை அந்த இடுக்கு வீடுகளுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஏழைப் பெண்கள் தம் அடுப்பங்கரையில் நின்று, கமராவை நேரே பார்த்து, தம் பேச்சுவழக்கிலேயே பேசுகிறார்கள். மூட்டைப்பூச்சி, ஒழுகும் கூரை, இடிந்த படிக்கட்டு. ஒரு பெண் வீட்டுக்குள் புகுந்த எலியோடு தான் பட்ட பாட்டை விவரிக்கிறார். சொல்லும்போது அவருக்கு ஒரு வேகம் வருகிறது, கதை சொல்லும் சுகம் வருகிறது. பரிதாபத்துக்குரிய பொருளாக இருந்தவர் அந்த வேகத்தில் தன் கதையின் ஆசிரியராகிவிடுகிறார். கிரியர்சனின் தங்கை ரூபி அந்தப் பெண்களோடு பழகி, அவர்களின் கூச்சத்தைப் போக்கியதில் பெரும் பங்கு வகித்தார். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பேச்சைக் கேட்கப் போனதன் பலன் திரையில் தெரிகிறது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தப் படத்துக்கும் காசு கொடுத்தது வியாபாரம்தான். எரிவாயு நிறுவனங்களின் சங்கம் அது. புது வீடு எழுந்தால் புது அடுப்பு விற்கும் என்பது அவர்கள் கணக்கு. எனவே முதலாளி காசு கொடுத்தார், அதனால் பெண்ணின் வாய் அடைக்கப்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் வியாபாரிகளே. ஒன்றில் பெண் பேசினார், ஒன்றில் பேசவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், பார்வையாளரின் இருக்கையில் இருக்கிறது. ஸ்டெப்னிப் பெண் பிரித்தானியாவில் வாக்காளர். 1928இல் அங்கே பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான வாக்குரிமை வந்துவிட்டது. அவருடைய வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் சபைக்கு அவரே உறுப்பினரை அனுப்புகிறார். படத்தைப் பார்க்கும் லண்டன்வாசி அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று அதே லண்டன்வாசி நினைக்கவில்லை, படமும் அவரை நினைக்க வைக்கவில்லை.

இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்த் தொண்ணூறு வருடத்துக்கு முந்திய படத்தை அளப்பது சரியா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அன்றைய அளவுகோலையே எடுப்போம். டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931இல் இந்தத் தீவில் பெண்கள் வாக்களித்தார்கள். தோட்டத் தமிழர் மீது வதிவிடத் தகுதி என்ற தடை சுமத்தப்பட்டது. அந்தத் தடையைத் தாண்டிய தோட்டப் பெண்களும் வாக்காளரானார்கள். பிரெஞ்சுப் பெண் முதன்முதலாக வாக்களித்தது 1945இல், இத்தாலியப் பெண் 1946இல். ரைட்டின் கமரா வெறும் கையாகக் கண்ட பெண்களிடையே, ஐரோப்பாவின் கோடிக்கணக்கான பெண்களிடம் அன்று இல்லாத உரிமையை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அதே 1931இல் நம் றுவன்வெல்லைத் தொகுதி, எடலின் மொலமூரேயை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இலங்கைச் சட்டசபை கண்ட முதல் பெண் உறுப்பினர் கேகாலை மண்ணிலிருந்து போனவர். அவர் நிலமும் பட்டமும் உள்ள பெருங்குடியில் பிறந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண் என்ற ஒரு சொல்லுக்குள் வளவ்வைச் சேர்ந்தவரும் லயத்தைச் சேர்ந்தவரும் அடங்கிவிட மாட்டார்கள். முப்பதுகளில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோதண்டராம நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளரின் கூட்டங்களில் எழுந்து நின்று தம் பாடல்களைப் பாடினார், அவற்றை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். பெண்ணின் குரல் இந்த நாட்டில் பகிரங்கமாக ஒலித்துக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு அது கேட்கவில்லை என்றால், கேட்கும் தேவை அவர்களுக்கு இல்லை என்றுதான் பொருள்.

கேட்கும் தேவை இல்லாத அவர்களுக்குப் பார்க்கும் தேவை மட்டும் ஏன் இருந்தது? தேயிலையை வாங்குவது ஆங்கிலேய வீட்டின் குடும்பத் தலைவி. அவருடைய சமையலறை அலுமாரிக்குள் போகும் பொதியின் மறுமுனையில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் இருந்தால் மனம் இதமாக இருக்கும். எடுப்பவரும் பெண், ஊற்றுபவரும் பெண் என்ற அந்த உறவு நடுவிலே இருக்கும் கங்காணியை, கணக்கப்பிள்ளையை, துரையை, ஏல விற்பனையாளரை, பங்குதாரரை ஒரே வீச்சில் மறைத்துவிடுகிறது. பெண்மை என்பது வர்க்கத்தின் மேல் போர்த்தும் சேலையாகிவிடுகிறது. தேயிலைப் படங்களில் பெண் இல்லாமல் போவதே இல்லை என்பதைப் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை நிரூபிக்க நம் மாவட்டங்களைவிட நல்ல இடம் கிடையாது. சப்பிரகமுவவில் பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தேயிலை உண்டு. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, றுவன்வெல்லைப் பக்கம் றப்பர். றப்பர் மலையில் பால் வெட்டுவதும் பெருமளவில் பெண்களே. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியலிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுத்துக் கூடையில் போட வேண்டும். பிறகு சரிவான வெட்டுக்கோட்டில் கத்தியைப் பிடித்துப் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கண்டாக்கையாவின் ஏச்சு விழும். கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது, நிறுவையில் குறையும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம், நூற்றுக்கணக்கான மரங்கள், பிறகு வாளியோடு அதே வழியில் திரும்பி வந்து சிரட்டைகளிலிருந்து பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பிடித்தால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. கையும் கண்ணும் ஒன்றாகத் தேர்ந்தால் மட்டுமே வரும் தொழில் இது. ஆனால் பால் வெட்டும் பெண்ணை எந்தப் பழைய பிரசாரப் படமும் தன் முகப்புச் சின்னமாக்கவில்லை. காரணம் லேசானது. றப்பரை வாங்குவது தொழிற்சாலை. வாகனச் சக்கரத்தை வாங்குகிறவரை இதப்படுத்த ஒரு பெண்ணின் சிரிப்பு தேவைப்படவில்லை. தேயிலைப் பெண் வேலை செய்வதால் காட்டப்பட்டிருந்தால், அவரைவிடக் குறையாத வேலை செய்யும் றப்பர்ப் பெண்ணும் காட்டப்பட்டிருப்பார்.

ஐரோப்பிய சினிமா உழைக்கும் பெண்ணைப் பார்த்த விதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். போருக்குப் பிந்திய இத்தாலியில் ஜுசெப்பே டி சாந்திஸ் 1949இல் எடுத்த 'கசப்பு அரிசி' நம் மக்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். வட இத்தாலியின் நெல்வயல்களுக்கு ஆண்டுதோறும் நாற்று நடவும் களை பிடுங்கவும் ரயில் ஏறி வரும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றியது. முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்த முதுகு, பொதுக் கொட்டிலில் படுக்கை, கூலியின் ஒரு பங்காக அரிசி. ஒப்பந்தத்தோடு வந்த பெண்களுக்கும் ஒப்பந்தமில்லாமல் வந்த பெண்களுக்கும் வயலிலேயே சண்டை மூள்கிறது. கூலியைக் குறைக்க முதலாளிக்கு வாய்ப்பாக இருக்கும் அந்தப் பிளவை அவர்களே பேசித் தீர்க்கிறார்கள். வேலை நேரத்தில் பேசக் கூடாது என்பது சட்டம், அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் பாட்டாகப் பாடி ஒருவருக்கொருவர் சேதி அனுப்புகிறார்கள். மலையில் கங்காணியின் காதுக்குப் பயந்து பாட்டில் பேசிய தலைமுறை நம்மிடமும் இருந்தது என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

'கசப்பு அரிசி'யிலும் குறை உண்டு. சில்வானா மங்கானோவின் உடலைக் கமரா ஆசையோடு சுற்றுகிறது, படம் விலைபோனதற்கு அதுவும் ஒரு காரணம். இடதுசாரி விமர்சகர்கள் அன்றைக்கே அதைக் கண்டித்தார்கள், அந்தக் கண்டனம் சரியானது. இருந்தும் அந்தப் பெண்களுக்கு ஒருவரோடொருவர் பேச்சு உண்டு, பொறாமை உண்டு, தவறு செய்யும் உரிமை உண்டு, ஒன்றுசேரும் அறிவு உண்டு. விட்டோரியோ டி சீக்காவின் 'உம்பர்ட்டோ டி.' படத்தில் (1952) வரும் வேலைக்காரச் சிறுமி மரியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் எழுந்து அடுப்படிக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, சுவரில் ஊரும் எறும்பைத் தண்ணீர் விட்டு விரட்டி, உட்கார்ந்து கோப்பிக் கொட்டையை அரைக்கிறாள். வயிற்றில் பிள்ளை, பொறுப்பேற்க ஆளில்லை. கதை முன்னே நகரவில்லை. ஒரு வேலைக்காரியின் காலைப்பொழுது முழுவதையும் படம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பார்வை ஒரு பெரிய மரியாதை. அதே ஐரோப்பா ஒரு தோட்டத்து லயத்தின் காலைப்பொழுதுக்கு, பிரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை எழுப்பிப் புள்ளைக்காம்பராவில் விட்டு ஓடும் தாய்க்கு, அந்தச் சில நிமிடங்களைத் தரவில்லை. 1946இல் வாக்காளராகி, புதிய குடியரசின் பிரஜையாகிவிட்ட பெண்களைப் பற்றித்தான் இத்தாலிய இயக்குநர்கள் படம் எடுத்தார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில் எதிர்த் திசையில் தள்ளப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது, 1949இல் வாக்கும் போனது.

அந்த நாடற்ற காலத்தின் நடுவில்தான் பெரிய சினிமா கேகாலை மாவட்டத்துக்கு வந்தது. டேவிட் லீன் இயக்கிய பிரித்தானிய–அமெரிக்கப் படமான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' கித்துல்கலையில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்தது, ஏழு ஒஸ்கார் விருது வென்றது. களனி கங்கைக்குக் குறுக்கே பெரும் மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். ஆனால் அந்தக் கதையின் பின்னால் இருக்கும் வரலாற்றை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1942–43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் போட்ட மரண ரயில்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும் தொகையினர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய மனைவிமார் பலர் தோட்டங்களில் விதவைகளாக எஞ்சினார்கள். படத்தில் அந்தத் தமிழர் இல்லை. பாலம் கட்டுபவர்கள் ஆங்கிலேயக் கைதிகள் மட்டுமே. மலாயாவின் தமிழ்த் தொழிலாளரை அழித்துவிட்டு எழுதிய கதையை, இன்னொரு தமிழ்த் தொழிலாளர் கூட்டம் வாழும் மலைகளுக்கு நடுவே படமாக்கிவிட்டுப் போனார்கள். என் வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் படத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். பாலத்தைத் தகர்க்கப் போகும் படையினரின் சுமையைச் சயாமியப் பெண்கள் தூக்கி வருகிறார்கள். நாவலில் இல்லாமல் சினிமாவுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். சுமக்கிறார்கள், குளிக்கிறார்கள், வெள்ளை வீரர்மேல் பரிவு கொள்கிறார்கள், பேச்சு மிகக் குறைவு. மூட்டை தூக்கும் உழைப்பு காதல் அலங்காரமாக மாற்றப்படுகிறது. முடிவில் மட்டும் ஒரு நேர்மையான கணம் உண்டு. தன் தோழர்கள் இருந்த இடத்தை நோக்கியே குண்டு வீசிய அதிகாரியைப் பார்த்து அந்தப் பெண்கள் விலகி நிற்கிறார்கள். வேறு வழியில்லை என்று அவர் அவர்களிடமே நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் முகத்தில் தீர்ப்பு இருக்கிறது. வாய் கொடுக்கப்படாத பெண்ணுக்கும் நடிகை ஒருவர் தன் கண்ணால் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. ஹொலிவூட் 1954இல் தந்த 'எலிஃபன்ட் வோக்' பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதைதான், ஆனால் அதன் துயரம் முழுவதும் பங்களாவுக்குப் புதிதாக வந்த துரைசாணியுடையது. தொழிலாளர் கொள்ளைநோயில் விழும் கூட்டமாக வருகிறார்கள்.

நம் சொந்த சினிமா மட்டும் என்ன கிழித்தது என்று ஒருவர் கேட்டால் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் படங்களுக்குத் தேயிலை மலை நெடுங்காலம் காதல் பாட்டுக்கான பச்சைத் திரை. இந்த நாட்டில் 1963இல் வந்த 'தோட்டக்காரி'யும், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்து 1975இல் வெளிவந்த 'புதிய காற்று'ம் தோட்டத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த முயற்சிகள், அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வழியில் போதிய படங்கள் தொடர்ந்து வரவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு நாட்கூலி என்ற அநீதி வேலைநிறுத்தத்தின் பிறகு 1984இல்தான் முடிவுக்கு வந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற பெண்களைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு முழுநீளக் கதைப்படம் இல்லை. நம் குறை ஐரோப்பியரின் குறையை இல்லாமலாக்காது. அவர்களின் குறையைச் சொல்லி நம் கடமையிலிருந்து நாமும் தப்ப முடியாது.

அதனால் இந்த அவையிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 'சோங் ஒஃப் சிலோன்' இன்று எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் படம். ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து, அதன் மூன்றாம் பகுதியை நம் தோட்டங்களில், ஓய்வு பெற்ற கொழுந்துக்காரப் பெண்கள் முன்னும் பால் வெட்டிய பெண்கள் முன்னும், ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுத் திரையிட வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கூடையைச் சுமந்தால் நெற்றி எப்படி வலிக்கும், அந்த நிறுவையில் எவ்வளவு வெட்டுவார்கள், அந்தச் சிரிப்பு யார் சொல்லிச் சிரித்த சிரிப்பாக இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பதிவானதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தாக்கி இரத்தினபுரி, கேகாலை மாவட்ட நூலகங்களில் வையுங்கள். எண்பதைத் தாண்டிய தாய்மார் ஒவ்வொரு லயத்திலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். இந்த வேலையை இந்த வருடமே தொடங்குங்கள்.